போய்ட்டு வர்றேன் என்று போன இருநூற்றுப் பதினான்கு பேர்

காஜா பேராங், மலாக்கா
12.8.2007, ஞாயிறு

என் தங்கை பெற்ற ஒரே பிள்ளையும், பினாங்கில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவனும், ஊரார் கூப்பிட்டால் ஓடிப்போகிறவனும், சொந்தத் தாய்மாமன் கூப்பிட்டால் மட்டும் கைபேசியை எடுக்காதவனுமான தியாகுவுக்கு, மாமா பொன்னுதுரை ஆசி சொல்லி எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் முருகன் புண்ணியத்தில் நோய்நொடி அண்டாமல் இருப்பீர்களாக. இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனா மூடியைத் திறந்தேன். எழுதினால் பொய். எனக்குத் தலை சுற்றுகிறது. உன் அத்தை சிவகாமசுந்தரி சுகமா என்பது எனக்கே தெரியாது, ஏனென்றால் ஆறு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. ‘சிவகாமு, ரசத்துல உப்பு போட்டியா?’ என்று கேட்டால் உப்பு ஜாடி வந்து டொக்கென்று மேசையில் உட்காருகிறது. உன்னை ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஒன்பது தடவையும் ஒரு பெண் மலாயில் ரொம்ப மரியாதையாகப் பேசி நீ இல்லை என்றாள். ஒன்பதாவது தடவை அவளிடமே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே ‘பீப்’ என்று வெட்டிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன தீபாவளிக்கு நீ வந்தபோது என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? என் கம்ப்யூட்டரில் வைரஸ் மண்டிக் கிடக்கிறது என்று சொல்லி, இருந்ததை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றினாய். ‘மாமா, இதுல வைரஸே வராது’ என்றாய். வைரஸ் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது எதுவுமே வருவதில்லை.

வருகிற செப்டம்பர் முதல் தேதி எனக்கும் உன் அத்தைக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். நாடு மெர்டேக்கா வாங்கிய மறுநாள் நான் கல்யாணம் செய்துகொண்டேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுநாளே எனக்குப் போய்விட்டது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. சரி, அது கிடக்கட்டும். அந்த வைபவத்துக்கு உன் அத்தை நகை கேட்கவில்லை, பட்டுப் புடவை கேட்கவில்லை. ஒரே ஒரு போட்டோ கேட்டாள். ஐம்பத்தேழில், மெர்டேக்கா அன்று காலையில், நம் தெருவில் தென்னங்கீற்று வளைவு கட்டி, அதன் கீழே எல்லோருமாக நின்று எடுத்துக்கொண்ட படம். அதில் உன் அத்தையின் அண்ணன் நடராஜன் மச்சான் என் தோளில் கை போட்டு நிற்கிறார். அவரும் நானும் ஒன்றாக நிற்கும் படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அசல், டிசம்பர் வெள்ளத்தில் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. நல்லவேளை, நீ தீபாவளிக்கு வந்தபோதே அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருந்தாய். அதைப் பெரிதாக எடுத்து, ஜாலான் பெண்டஹாரா கடையில் சட்டம் போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, அண்ணன் வீட்டுக்குத் தானே நேரில் போகப்போவதாக உன் அத்தை சொன்னாள். ‘இந்தப் படத்தப் பார்த்தா அவருக்கு மனசு இளகும்ங்க. இந்தத் தடவை வரலன்னா இனிமே எப்ப வரப்போறாரு? எழுபத்தாறு வயசு ஆகுது அவருக்கு’ என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

உனக்கு அந்தப் பழைய கதை சரியாகத் தெரியாது. உன் அம்மா பாதியைத்தான் சொல்லியிருப்பாள், அதுவும் என்மேல் பழி போட்டு. எங்கள் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம், உன் அத்தை பிறந்த வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம். எங்கள் பஞ்சாங்கப்படி ஒன்பதே காலுக்கு மேல் முகூர்த்தம். கல்யாணத்தன்று காலையில், நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மச்சான் தம் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு வந்தார். ‘மாப்பிள்ள, அந்த நட்சத்திரம் எட்டே முக்காலுக்கே போயிடுச்சு. நீங்க வெறும் வானத்தப் பார்த்துத் தாலி கட்டப்போறீங்க’ என்றார். எங்கள் அப்பா விடுவாரா? இவர் ஒரு பக்கம் காட்ட, அவர் ஒரு பக்கம் காட்ட, ஐயர் இரண்டு பக்கமும் தலையாட்ட, கடைசியில் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘சரி, நான் போய்ட்டு வர்றேன்’ என்றார். விடைபெறுகிறவருக்கு நம் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? கழுத்தில் மாலையோடு, சிரித்த முகமாக, ‘போய்ட்டு வாங்க மச்சான்’ என்றேன். போனார். பொரி போடப் பெண்ணுக்கு அண்ணன் இல்லாமல் யாரோ ஒருவர் போட்டார். மச்சான் நாலு மைல் தூரத்தில் புக்கிட் பாருவில்தான் இருக்கிறார். ஐம்பது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார். உன் அத்தை இன்றைக்கும் கேட்கிறாள்: ‘போகாதீங்கன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்ல உங்களுக்கு வாய் வரலயா?’ அது மரியாதையா என்று நான் கேட்பேன். அப்புறம் உப்பு ஜாடிதான்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். திங்கட்கிழமை மத்தியானம், புதிதாக வாங்கிய வர்ணப் பிரிண்டரை இணைத்தேன். நான் தண்ணீர் இலாகாவின் சாமான் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். ஒருவன் வந்து குழாய் கேட்டால், குழாய்க்கு வளைவு, வளைவுக்கு வாஷர், வாஷருக்கு அளவு என்று கேட்காமலே எடுத்து வைப்பேன். எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்றுதான் உட்கார்ந்தேன். பிரிண்டருக்கு ஒரு பொட்டலம், அதாவது ‘பேக்கேஜ்’, ஏற்ற வேண்டும் என்றது. ஏற்று என்றேன். அந்தப் பொட்டலத்துக்கு இன்னொரு பொட்டலம் வேண்டும், அது இரண்டு புள்ளி நான்காம் பதிப்பாக இருக்க வேண்டும், வீட்டில் இருப்பதோ இரண்டு புள்ளி மூன்று என்றது. சரி, மூன்றை எடுத்துவிட்டு நான்கை வை என்றேன். உடனே படம் காட்டுகிற பொட்டலம் எழுந்து, இரண்டு புள்ளி மூன்று இல்லாத இடத்தில் நான் ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன் என்கிறது. நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அடப்பாவி, ஒன்று திருக்கணிதம், ஒன்று வாக்கியம்! படத்தைத் திறக்கப் பழையது வேண்டும், படத்தை அச்சடிக்கப் புதியது வேண்டும், இரண்டும் ஒரு வீட்டில் இருக்காது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தம்பிராஜா, வாசலில் நின்றபடியே மூக்கை நுழைத்தான். சமூக மண்டபத்தில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடிவதில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கோப்பியைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

‘அண்ணே, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல லா. வரமாட்டேங்கிறவன கையப் பிடிச்சு இழுத்து உட்கார வைக்கிறதுக்கு ஒரு கட்டளை இருக்கு’ என்றான்.

‘அது நல்லதாப்பா?’ என்றேன்.

‘நல்லதோ கெட்டதோ, உட்காருவான்ல?’

எத்தனை கல்யாணத்தில் பந்தி விசாரித்திருக்கிறேன்! சண்டைக்காரர்களை ஒரே வரிசையில் பலவந்தமாக உட்கார வைத்தால் இலை பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் புத்தி எங்கே போனதோ. அவன் சொன்னபடி தட்டினேன். உட்கார வைத்தது. அடுத்த நிமிஷமே திரையில் ‘உடைந்த பொட்டலங்கள்’ என்று பட்டியல் வந்தது. நான் எதையும் கீழே போடவே இல்லை, சத்தியம்.

‘சரி, வேற வழி இல்ல. சண்டைக்குக் காரணம் அந்த ரெண்டு புள்ளி மூணுதான். அவன வெளிய அனுப்புங்க, எல்லாம் சரியாப் போயிடும்’ என்றான் தம்பிராஜா. அதையும் செய்தேன். உடனே கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா? ஒரு நீளமான ஜாபிதாவைக் காட்டியது. இரண்டு புள்ளி மூன்று போனால், அவரை நம்பி இருக்கிற நாங்களும் புறப்படுகிறோம் என்று இருநூற்றுப் பதினான்கு பேர். வரிசையாகப் பேர் எழுதிக் கையெழுத்துப் போடாத குறை. கடைசியில் ஒரு கேள்வி: இத்தனை பேரும் போகிறார்கள், தொடரலாமா? சரி என்றால் ‘ஒய்’, வேண்டாம் என்றால் ‘என்’.

இந்த இடத்தில் நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் கொஞ்சம் யோசி. ஒருத்தர் எழுந்து நின்று, நாங்கள் கிளம்பட்டுமா என்று முறையாகக் கேட்கிறார். நம் வீட்டில் யாராவது ‘கூடாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வார்களா? போகிறவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், ‘போய்ட்டு வர்றேன்’ என்பார், நாமும் ‘போ’ என்று சொல்லமாட்டோம், ‘போய்ட்டு வாங்க’ என்போம். நாக்கிலேயே ஊறிப்போன பழக்கம். என் கை தானாகப் போய் ‘ஒய்’யை அழுத்திவிட்டது. அழுத்தும்போது வாய்விட்டும் சொன்னேனாம், ‘போய்ட்டு வாங்க’ என்று. தம்பிராஜா சொல்லித் தெருவெல்லாம் சிரிக்கிறது.

போனார்கள் தியாகு. ஒவ்வொருவர் பெயராகத் திரையில் ஓடி, சங்குசக்கரம் மாதிரி சுற்றி, போய்க்கொண்டே இருந்தார்கள். படம் காட்டுகிறவர் போனார், எழுத்தைக் காட்டுகிறவர் போனார், மணி காட்டுகிறவர் போனார், அந்த அழகான நீலப் பின்னணியும் போனது. எல்லோரும் போனபின் கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று நின்றது. தம்பிராஜா மீதிக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தான். ‘அண்ணே, வீட்ல வேல இருக்கு, நான் போய்ட்டு வர்றேன்’ என்று அவனும் போய்விட்டான். இருநூற்றுப் பதினைந்து.

உன் அத்தை சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். ‘படம் எங்க?’ என்றாள். உள்ளேதான் இருக்கும், ஆனால் காட்டுவதற்கு ஆள் இல்லை என்று சொன்னேன். ‘ஏன் இல்ல?’ என்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ‘போய்ட்டு வாங்க’ என்ற இடத்துக்கு வந்தபோது கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ‘மறுபடியுமா?’ என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்றிலிருந்து ஆறு நாளாக அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டுகிறேன். நீ ஒட்டிவைத்துவிட்டுப் போன காகிதத்தில் ‘ஏதாவது உடைஞ்சா இதை அடிங்க மாமா’ என்று ஒரு வரி இருந்தது. அடித்தேன். போனவர்களைத் திரும்பக் கூப்பிடலாம், ஆனால் அதற்கு இணையம் வேண்டும் என்றது. இணையத்தைப் பிடித்துத் தருகிறவர் யார் என்று பார்த்தால், அவர் அந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருத்தர். ஆளை அழைக்க போன் வேண்டும், போனை அவரே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பழைய கிடங்கு நோட்டில் யாருக்கு யார் வேண்டும் என்று கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்று பக்கம் நிறைந்து, கோடு சுற்றிக்கொண்டு முதல் ஆளிடமே வந்து முட்டியது.

ஆனால் ஒன்று புரிந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் போனவர் யாரும் தானாகத் திரும்பி வருவதில்லை. ‘எல்லாரும் வாங்கப்பா’ என்று பொதுவாகச் சொன்னாலும் வருவதில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் பேரைச் சரியாகச் சொல்லி, ஒரு எழுத்து பிசகாமல் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அசைவார்களாம், திரையில் அப்படித்தான் எழுதி வருகிறது. அதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் மச்சானை எப்படிக் கூப்பிட்டேன்? நம் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது தபாலில் கார்டு. அவள் கல்யாணத்துக்குத் தபாலில் கார்டு. புதுமனைக்குக் கார்டு. என் அறுபதாம் கல்யாணத்துக்கும் கார்டு, அதில் ‘குடும்பத்துடன் வருக’ என்று அச்சடித்திருந்தது, அவர் பேர்கூட என் கையால் எழுதவில்லை, கடைக்காரப் பெண் எழுதினாள். வாசல் ஏறி, ‘மச்சான், வாங்க’ என்று ஒரு நாள் சொன்னேனா? இல்லை. அவர்தானே போனார், அவரே வரட்டும் என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது தியாகு. எழுபத்துமூன்று வயதில் ஒரு கறுப்புத் திரை சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வேண்டுமா?

சரி, அழுது என்ன பயன். நீ வருகிற வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸைப் பிடித்துக் கட்டாயம் வந்து சேர். லீவு கிடைக்கவில்லை என்றால் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யும் அல்ல. வந்து அந்தப் படத்தை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்துவிடு. மற்ற இருநூற்றுப் பதினான்கு பேரும் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். படம் இல்லாமல் உன் அத்தை புக்கிட் பாருவுக்குப் போகமாட்டாள், மச்சான் வராமல் அவளுக்கு அந்த வைபவம் இனிக்காது, அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்காது. இதையும் கிடங்கு நோட்டில் கோடு போட்டுப் பார்த்தாகிவிட்டது. எல்லாக் கோடும் உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

உன் தொழில் ஓங்கி, உன் பிள்ளைகள் படிப்பில் முந்தி, உன் கைபேசி எப்போதும் உயிரோடு இருக்க மலாக்கா வாழும் தெய்வங்கள் எல்லாம் துணை செய்யட்டும். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். வரும்போது ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் வாங்கி வா.

இப்படிக்கு,
உன் வருகையை மட்டுமே நம்பி இருக்கும் மாமா,
பொன்னுதுரை

பி.கு.: செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இதை எழுதுகிறேன். நீ வரவேண்டாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு பஸ் டிக்கெட் எடுக்க ஓடிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை தபால் நிலையம் இல்லை என்பதால் கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்தேன். நீ படிப்பதற்கு முன் உன் அத்தை படித்துவிட்டாள். இன்று காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, ‘சட்டைய மாட்டுங்க’ என்றாள். எட்டு நாள் கழித்து வந்த முதல் பேச்சு! படம் இல்லையே என்றேன். ‘படமா போய்க் கூப்பிடப்போவுது?’ என்றாள்.

புக்கிட் பாருவில் மச்சான் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘நடராஜன் மச்சான்! பொன்னுதுரை வந்திருக்கேன். உங்களக் கூப்பிட வந்திருக்கேன்’ என்று உரக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘போய்ட்டு வர்றேன்னுதானே மாப்பிள்ள சொன்னேன்? வரமாட்டேன்னா சொன்னேன்? கூப்பிட ஆள் வரட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், நீங்க இவ்வளவு லேட்டா வருவீங்கன்னு தெரியாது’ என்றார். உன் அத்தை நடு வாசலில் அழுதாள். கூடத்துக்குள் நுழைந்தால், சுவரில் சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து, அந்தப் படம் மாட்டியிருக்கிறது. தென்னங்கீற்று வளைவு, நான், என் தோளில் அவர் கை. அவரிடமும் ஒரு பிரதி இருந்திருக்கிறது. ஐம்பது வருஷமாக மாட்டி வைத்திருக்கிறார்.

அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தோம். வீட்டில் உட்கார்ந்து, வடையும் பாயசமும் சாப்பிட்டு, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைபவ அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நேரத்தைப் படித்தார். பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். ‘மாப்பிள்ள, இந்த நேரத்துக்கு நட்சத்திரமே இல்லியே’ என்றார். ‘எங்க பஞ்சாங்கத்துல இருக்கு மச்சான்’ என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். அவர் பஞ்சாங்கத்தை மடித்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

‘சரி, நான் போய்ட்டு வர்றேன்’ என்றார்.

உன் அத்தை பாயசக் கரண்டியோடு அப்படியே நின்று என்னையே பார்த்தாள். என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது, பழக்கம் எங்கே போகும். அதை விழுங்கினேன்.

‘போகாதீங்க மச்சான்’ என்றேன்.

அவ்வளவுதான் தியாகு. உட்கார்ந்துவிட்டார். ‘அப்படின்னா இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்து’ என்று தங்கச்சியிடம் டம்ளரை நீட்டினார்.